பெண்கள் விடுதி: உண்டு

எங்கள் கையேட்டின்படி மாநிலத்துக்கு ஐந்து மண்டலங்கள். வடக்கு, நடுப்பகுதி, கடலோரம், தெற்கு, மலை. பள்ளி முடித்துவிட்டு எங்கே போய் என்ன படிப்பது என்று திகைத்து நிற்கும் பிள்ளைகளுக்காக உயர்கல்வித் தகவல் அலுவலகம் ஆண்டுதோறும் போடும் புத்தகம் அது. எந்த மண்டலத்தில் எந்தக் கல்லூரி, அதில் என்னென்ன படிப்பு, எத்தனை இடம், பேருந்து நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம், விடுதி உண்டா இல்லையா, எல்லாம் அதில் இருக்கும். இருபத்திரண்டு வருடங்களாக அதைத் தொகுப்பவள் நான். அட்டையில் அமைச்சர் படம் இருக்கும், உள்ளே இயக்குநர் முன்னுரை இருக்கும், என் பெயர் எங்கும் இருக்காது. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். பெரிய வருத்தம் இல்லை, அவ்வளவுதான்.

அலுவலகத்தில் எனக்குக் 'கறார் மேடம்' என்று பெயர். என் காதுபடவே சொல்வார்கள். கேட்காததுபோல் இருந்துகொள்வேன், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். கையேட்டில் ஒரு வரி ஏற வேண்டுமென்றால் அந்தக் கல்லூரிக்குப் போன் போட்டுக் கேட்டாக வேண்டும். சரிபார்ப்புத் தாளில் அந்த வரிக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு டிக். டிக்குக்குப் பக்கத்தில் யாரிடம் பேசினோம், அவர் என்ன பதவி, என்ன தேதி, கீழே நம் சுருக்கொப்பம். இந்த முறையைக் கொண்டுவந்ததே நான்தான். அதற்கு முன்னால் போன வருடப் புத்தகத்தை எடுத்து ஆண்டை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இழுத்து மூடப்பட்ட ஒரு கல்லூரி மூன்று வருடம் எங்கள் புத்தகத்தில் நன்றாக நடந்துகொண்டிருந்தது.

போன் போடாமலே டிக் போட்ட ஒரு பெண்ணைப் போன வருடம் கையும் களவுமாகப் பிடித்தேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது அவளுக்கு. தெற்கு மண்டலத்தில் ஒரு கல்லூரியின் நூலக நேரம் தவறாக இருந்தது. நூலக நேரம், வேறொன்றும் இல்லை. எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து ஒரு பிடி பிடித்தேன். உன் டிக்கை நம்பி ஒரு பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகும், உனக்கு அது விளையாட்டா என்று கேட்டேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் விடவில்லை. அறிக்கை எழுதி, கீழ்த்தளத்தில் இருக்கும் ஆவண அறைக்கு அவளை மாற்ற வைத்தேன். அங்கே போனவர்கள் மேலே திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை ஜன்னலைத் திறந்தபோது எதிரே ஒரு அப்பாவும் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பாவுக்குக் காக்கிச் சட்டை. சரக்கு வண்டி ஓட்டுகிறவர் என்று பிறகு தெரிந்தது. மகளின் காலடியில் ஒரு பழைய பெட்டி. அது திறந்துகொள்ளாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் மூடிபோட்ட புது பிளாஸ்டிக் வாளி. கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. வாளிக்குள் சோப்பு டப்பா, துணி உலர்த்தும் கயிறு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். விடுதிக்குப் போகிற பிள்ளையின் சாமான்கள். விடுதிக்குப் போகிற பிள்ளைக்கு எங்கள் அலுவலகத்தில் என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை.

அப்பா கையேட்டை ஜன்னல் வழியாக நீட்டினார். மலை மண்டலத்தில் ஒரு பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருந்தது.

"இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிங்க மேடம்."

படித்தேன். பெண்கள் விடுதி: உண்டு. அறுபது இடங்கள்.

"அங்க விடுதி இல்ல. பூட்டிக் கிடக்கு. கதவுல செடி கொடி ஏறியிருக்கு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. தப்பான கட்டடத்துக்குப் போயிருப்பீர்கள், மலைக் கல்லூரிகளில் இந்தப் பக்கம் ஒரு கட்டடமும் அந்தச் சரிவில் ஒரு கட்டடமுமாக இருக்கும், சரியாக விசாரிக்காமல் இங்கே வந்து நின்றால் எப்படி என்று எரிந்து விழுந்தேன். எங்கள் புத்தகத்தில் ஒவ்வொரு வரியும் கேட்டுப் போடுவது என்றும் சொன்னேன். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் பெட்டியின் கயிற்றைத் தளர்த்தி ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். கல்லூரி முதல்வரின் முத்திரையோடு இரண்டே வரி: பெண்கள் விடுதி கடந்த ஆண்டிலிருந்து செயல்படவில்லை, தங்குமிடத்தை மாணவியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பெரும்பாலும் அப்பாதான் பேசினார். மகள் பேசும்போது சொற்கள் தடுக்கி நின்றன. அவள் கண்ணை மூடி, மூச்சை விட்டு, மறுபடி ஆரம்பிப்பாள். ஏழு வயது வரை அவள் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்ததில்லையாம். அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மா எட்டு மாதம் வாரம் தவறாமல் அவளை எதிரே உட்கார வைத்துப் பேச வைத்திருக்கிறார். அந்த வேலையைத்தான் தானும் செய்ய வேண்டும் என்று அன்றிலிருந்து ஒரே பிடிவாதம். எங்கள் மாநிலத்தில் பேச்சு, செவித்திறன் பயிற்சிக்கான பட்டப்படிப்பு இரண்டே கல்லூரிகளில்தான் இருக்கிறது. கடலோரத்தில் ஒன்று, மலையில் ஒன்று. இரண்டுக்கும் போகிற மதிப்பெண் அவளிடம் இருந்தது. இரண்டிலும் விடுதி உண்டு என்று எங்கள் கையேடு சொன்னது. பயிற்சி கொடுத்த அம்மா படித்தது மலைக் கல்லூரி என்பதால் விருப்பப் பட்டியலில் அதை முதலில் போட்டாள். முதல் விருப்பமே கிடைத்தது. முதல் விருப்பம் கிடைத்துவிட்டால் மற்றவை தானாக ரத்தாகிவிடும், விதி அப்படி.

அப்பாவுக்கு அவளைப் படிக்க அனுப்புவதில் ஆரம்பத்தில் மனமில்லை. மூத்தவள் தையல் ஆலையில் வேலை பார்க்கிறாள். இவளுக்கும் அங்கேயே ஒரு மெஷின் சொல்லி வைத்திருந்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்திருக்கிறார்.

"விடுதின்னு ஒண்ணு இருந்தா போ பாப்பான்னு சொன்னேன் மேடம். இல்லாட்டி பேச்சே கிடையாதுன்னேன். அங்க போய் ரெண்டு நாள் ரூம் தேடினோம். ஒரு வீட்டுல தனிப் பொண்ணுக்குக் குடுக்க மாட்டோம்ன்னாங்க. இன்னொண்ணு மதுக்கடை மாடி. எப்படி விட்டுட்டு வர்றது?" அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "திங்கக்கிழமை ஆலையில சேரலேன்னா அந்த இடமும் போயிடும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ங்கிற கதையெல்லாம் எங்க வீட்ல நடக்காது."

விடுதி ஏன் மூடிக் கிடக்கிறது என்று கேட்டேன்.

"வார்டன் அம்மா செத்துப் போய் ஒன்றரை வருஷம் ஆச்சாம். அதுக்கு அப்புறம் ஆள் போடல. அப்படியே பூட்டிட்டாங்க."

ஒன்றரை வருடம் என்றால் இந்த வருடக் கையேட்டுக்கு நாங்கள் சரிபார்ப்பு நடத்தியபோது அந்த அம்மா உயிரோடு இல்லை. அப்படியானால் எவளோ, எவனோ மறுபடி போன் போடாமல் டிக் போட்டிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஜன்னலுக்கு எதிரே கிடந்த பெஞ்சில் இருவரையும் உட்காரச் சொன்னேன். இது யார் செய்த வேலையாக இருந்தாலும் சும்மா விடப் போவதில்லை என்று அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தேன். அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

சரிபார்ப்புத் தாள்கள் இருப்பது கீழே, ஆவண அறையில். நான் அனுப்பிவைத்த அந்தப் பெண் மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு ஏணியில் நின்று கோப்புகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மலை மண்டலத் தாள் வேண்டும் என்றேன். முன்பெல்லாம் அந்த அறையில் ஒரு தாளைத் தேடி எடுக்க அரை நாள் ஆகும். அவள் இறங்கி வந்து இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டாள்; மண்டலம் மண்டலமாகப் பிரித்து அடுக்கி வைத்திருந்தாள். பதிவேட்டில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தாளைக் கொடுத்தாள்.

அந்த வரிக்கு எதிரே சிவப்பு டிக் இருந்தது. பக்கத்தில், 'விடுதிக் காப்பாளரிடம் பேசியது', மார்ச் இருபத்தெட்டு. கீழே இருந்த சுருக்கொப்பம் என்னுடையது.

செத்துப்போன ஒருவரிடம் பேசியதாக என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

யோசிக்க யோசிக்க அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. கையேட்டில் மலை மண்டலம்தான் எப்போதும் கடைசி. வடக்கில் ஆரம்பிக்கும்போது இருக்கிற தெம்பு மலைக்கு வரும்போது இருக்காது. அன்றைக்கு அச்சகத்து ஆள் வாசலில் வந்து நின்றுவிட்டார். அந்தக் கல்லூரியில் இருப்பது ஒரே போன். மழை பெய்தால் அதுவும் படுத்துவிடும். நான் ஒரு தடவை போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. விடுதி எங்கே ஓடிப்போகப் போகிறது என்று நினைத்தேன். போன வருடத் தாளைப் பார்த்து, அதில் இருந்ததை அப்படியே எழுதி, டிக் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் அது என் நினைவிலேயே இல்லை. நான் டிக் போட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நானே நம்பிவிட்டேன்.

அந்தப் பெண் எதிரே நின்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த லைப்ரரி நேரத்துக்கு அன்னிக்கு நான் மூணு தடவை போன் போட்டேன் மேடம்," என்றாள். "யாரும் எடுக்கல. அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க கேக்கல."

நான் தாளை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

முதலில் மலைக் கல்லூரிக்குப் போன் போட்டேன். இந்த முறை நாலாவது மணியில் எடுத்தார்கள். அலுவலகத்தில் இருந்தவர் நிதானமாகப் பேசினார். இந்த வருடம் மட்டும் இன்னும் இரண்டு பெண்கள் இதே மாதிரி பெட்டியோடு வந்து, பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்கள் என்றார். யாராவது வாத்தியார் வீட்டில் இடம் கிடைக்குமா என்று கேட்டேன். பாதி வாத்தியார்கள் தினமும் கீழிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் என்றார். அந்த இரண்டு பெண்களும் இப்போது என்ன செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு கடலோரக் கல்லூரி. அந்தப் படிப்பில் மொத்தம் இருபது இடம். ஒரு இடம் காலியாக இருந்தது. ஒரு பையன் சேராமல் போய்விட்டான். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்கள் மாறிமாறிப் போன் போட்டு உயிரை எடுக்கிறார்கள், இயக்குநர் உத்தரவு வருவதாக இருந்தால் சீக்கிரம் அனுப்புங்கள், இன்று அலுவலகம் மூடும்வரை பார்க்கிறோம் என்றார்கள். அப்போது மணி பன்னிரண்டேகால்.

வழி இருந்தது. அலுவலகத்தின் சரிபார்ப்பில் நடந்த தவறால் ஒரு மாணவர் தவறான மண்டலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதே படிப்பில் வேறு மண்டலத்தில் காலியிடம் இருக்கும் வரை அவரை இயக்குநர் மாற்றலாம் என்று ஒரு விதி உண்டு. தவறு செய்த ஊழியர் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். ஊழியர் கையெழுத்து கட்டாயம் என்று சேர்க்கச் சொன்னதும் நான்தான். பொறுப்பு யார் தலையிலாவது விழுந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும் என்று அந்தக் கூட்டத்தில் பெரிய பிரசங்கமே செய்தேன்.

துணை இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னோடு ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், கெட்டவர் இல்லை. தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். எனக்கு ஓய்வுபெறப் பதினாலு மாதம்தான் இருக்கிறது, அதற்குள் வரவேண்டிய பதவி உயர்வுக் கோப்பு இயக்குநர் மேஜையில் இருக்கிறது என்று நினைவூட்டினார்.

"கீழ ஒரு பொண்ணை அனுப்பினீங்களே, அதுக்கு நீங்க எழுதின அறிக்கையும் அதே மேஜையிலதான் இருக்கு," என்றார். "அச்சகத்துல பழைய பக்கத்தைப் போட்டுட்டாங்கன்னு எழுதுங்க. யாருக்கும் நஷ்டம் இல்ல. இயக்குநர் இளகின மனசுக்காரர், பொண்ணைப் பாத்தா கையெழுத்துப் போட்டுருவார்."

அச்சகத்தின் தவறு அந்த விதிக்குள் வராது என்று எனக்குத் தெரியும். யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் அவர் சொன்னதைக் கேட்டபோது என் மனசு அப்பாடா என்று சாய்ந்துகொண்டது. ஒருவேளை கையெழுத்தாகிவிடலாம், ஒருவேளை யாரும் விதியைத் திறந்து பார்க்காமல் போகலாம். இப்படி எனக்கு நானே காதில் பூ சுற்றிக்கொண்டு, அச்சகத்தார் பழைய பக்கத்தைச் சேர்த்துவிட்டதாக ஒரு கடிதம் எழுதினேன். எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. நல்ல கடிதம். என் வாழ்க்கையில் அவ்வளவு பக்குவமாகப் பூசி மெழுகி நான் எதையும் எழுதியதில்லை. அது மேலே போனது.

இயக்குநர் வேறு கட்டடத்தில் கூட்டத்தில் இருந்தார். ஜன்னலுக்கு எதிரே அப்பாவும் மகளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கடலோரத்தில் ஒரு இடம் காலி, மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். அப்பா இரண்டு தடவை எழுந்து போய்த் தெருவில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். மகள் கையேட்டை மடியில் வைத்துக் கடலோரப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரிக்கும் ரயில் நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அப்பாவிடம் விரலை வைத்துக் காட்டினாள். அந்தத் தூரத்தையும் நான்தான் கேட்டுப் போட்டிருந்தேன்; அது சரியான தூரம்தான்.

மூன்றரை மணிக்கு அவள் எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். கோப்பைப் பற்றிக் கேட்கப் போகிறாள் என்று நினைத்து, மேலே போயிருக்கிறது, வந்துவிடும் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவள் தலையாட்டினாள். சொல் வரும்வரை கொஞ்ச நேரம் நின்றாள்.

"காலையிலேர்ந்து நீ... நீங்க... சாப்பிடவே இல்லையே மேடம்."

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழுந்து மேலே ஓடி, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, நாலு வரியில் நடந்ததை எழுதிக் கொடுத்திருக்கலாம். நேரம் இருந்தது. எனக்குப் பசியில்லை என்று மட்டும் சொன்னேன்.

நாலே முக்காலுக்குக் கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் இயக்குநர் பச்சை மையில் எழுதியிருந்தார்: அச்சகத் தவறு எனில் மண்டல மாற்றத்துக்கு விதியில் இடமில்லை, வருந்துகிறேன். துணை இயக்குநர் தோளைக் குலுக்கிவிட்டு, தன்னால் ஆனதைச் செய்தாகிவிட்டது என்பதுபோல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நான் ஜன்னலுக்கு வந்து, வேலை இன்னும் முடியவில்லை, நாளைக் காலை வாருங்கள் என்றேன். எங்கே தங்குவீர்கள் என்று கேட்டதற்கு வண்டியிலேயே படுத்துக்கொள்வோம் என்றார் அப்பா. என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். மகள் வாளியை எடுத்துக்கொண்டாள்.

அன்றிரவு எப்படிப் போனது என்பதை விவரிக்கப் போவதில்லை. எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது. வேறென்ன சொல்ல.

வியாழக்கிழமை அலுவலகம் திறக்கும் முன்பே போய் ஆவண அறை வாசலில் நின்றேன். அவள் வந்து பூட்டைத் திறந்தாள். அங்கேயே, அவள் மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். மலை மண்டலக் கல்லூரியின் விடுதி பற்றிய வரியை நான் சரிபார்க்கவில்லை. இறந்துபோன காப்பாளரிடம் பேசியதாகப் பொய்க் குறிப்பு எழுதினேன். நேற்று அச்சகத்தின் மேல் பழி போட்டு நான் கொடுத்த கடிதமும் பொய். அதோடு, இதே தவறுக்காக நான் தண்டித்த ஊழியரிடம் நான் விளக்கம் கேட்கவே இல்லை என்பதையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். கடிதம் ஆறு வரிகூட வரவில்லை. எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

சரிபார்ப்புத் தாளின் நகலும் அதோடு போக வேண்டும். அதைப் பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் வெளியே எடுக்கலாம். நான் பேனாவை எடுத்தேன். அவள் தாளை என் கையில் திணித்தாள்.

"நீங்க போங்க மேடம். இதையெல்லாம் நான் அப்புறம் எழுதிக்கிறேன்."

இயக்குநர் வந்ததும் வராததுமாக அவர் அறைக்குள் போய் நின்றேன். இரண்டு தடவை படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் கடலோரத்துக்குச் சொல்லுங்கள் என்றார். அவர் மேஜையிலிருந்தே போன் போட்டேன். மணி பத்தரை.

"நேத்து அஞ்சு மணி வரைக்கும் வெச்சிருந்தோம் மேடம்," என்றார் அங்கே இருந்தவர். "உங்ககிட்டேர்ந்து ஒண்ணும் வரல. பட்டியல்ல அடுத்து இருந்த பொண்ணைக் கூப்பிட்டுட்டோம். அது ராத்திரியே பஸ் ஏறி வந்து இப்பதான் சேர்ந்துட்டுப் போகுது."

இருபத்தோராவது இடம் என்று ஒன்று கேட்டுப் பார்த்தார் இயக்குநர். பயிற்சி மருத்துவமனையில் இருக்கும் இருக்கைக் கணக்குப்படிதான் அனுமதி, ஒன்றுகூடக் கூட்ட முடியாது என்றார்கள். அவர் போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மாடிப்படி இறங்கினேன். அதுவரை எத்தனையோ பிள்ளைகளுக்கு இடமில்லை என்று அந்த ஜன்னல் வழியாகச் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் போதவில்லை, தேதி முடிந்துவிட்டது, சான்றிதழ் சரியில்லை என்று மளமளவென்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். இன்று ஜன்னலுக்குள் போய் உட்கார மனம் வரவில்லை. வெளியே வந்து, அவர்கள் காத்திருந்த பெஞ்சுக்கு முன்னால் நின்றேன்.

இடம் போய்விட்டது என்று சொன்னேன். இயக்குநர் உத்தரவு போட்டார், அதற்குள் வேறு பிள்ளை சேர்ந்துவிட்டது என்றேன். அப்பா எழுந்து நின்றார்.

"உங்க மேல குத்தமில்ல மேடம். எங்களுக்காக ரெண்டு நாளா நீங்க பட்ட பாடு எங்களுக்குத் தெரியாதா? இங்க யாரு இவ்வளவு பாக்கறாங்க? அவ்வளவுதான் இவளுக்குக் குடுத்து வெச்சது." மகளின் பெட்டியைத் தூக்கினார். "திங்கக்கிழமை அக்காகூட போய்ச் சேரட்டும். கும்பிடறேன் மேடம்."

அதோடு விட்டிருந்தால் அவர்கள் என்னை நல்லவளாக நினைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவர் அப்படிக் கும்பிட்டதை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. உட்காருங்கள் என்றேன். அவர் உட்காரவில்லை. அந்த டிக் போட்டது நான் என்று சொன்னேன். நேற்று மத்தியானமே உண்மையை எழுதியிருந்தால் மாற்றம் கிடைத்திருக்கும் என்றேன். என் வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயந்து அச்சகத்தின் மேல் பழியைப் போட்டு எழுதினேன், அது திரும்பி வந்தது, அதற்குள் நேரம் போய்விட்டது, நேற்று சாயங்காலம் ஐந்து மணி வரை அந்த இடம் காலியாக இருந்தது என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

அப்பாவின் கையிலிருந்த பெட்டி மெதுவாகத் தரைக்கு இறங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார்.

அவள் வாய் திறந்தது. சொல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை மூடினாள், மூச்சை விட்டாள், மறுபடி முயன்றாள். எனக்குப் பின்னால் ஜன்னலுக்கு வந்த யாரோ, மேடம், ஒரு சந்தேகம் என்றார்கள். நான் திரும்பவில்லை. அப்பா அவளுக்குப் பதிலாகத் தானே சொல்ல வந்தார். அவர் கையைப் பிடித்து அவள் நிறுத்தினாள். அவள் என்னைத் திட்டட்டும் என்று நான் காத்திருந்தேன், திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. அவள் திட்டவில்லை. ஒவ்வொரு சொல்லாக, தடுக்காமல், பொறுமையாகச் சொன்னாள்.

"நேத்து முழுக்க நாங்க இங்கதானே மேடம் உக்காந்திருந்தோம்."